பாகம் பிரியாத எலும்புகள்

ஊரின் உண்மைப் பெயரைச் சொன்னால் அங்கே மிச்சமிருப்பவர்களுக்கு வருத்தம் வரும். ஆகையால் தாழைமங்கலம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே வேம்பு, பஞ்சு, வைத்தா, நாகு என்று அண்ணன் தம்பிகள் நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு வீடு, ஒரு செய்தித்தாள், ஒரு மூளை. அந்த மூளையையும் பாகம் பிரிக்காமல் பொதுவிலேயே வைத்திருந்தார்கள். யாருக்குத் தேவையோ அவர் எடுத்துக்கொள்வார். பெரும்பாலும் யாரும் எடுக்கவில்லை.

அவர்களுக்கு ஒரே தங்கை, தர்மு என்கிற தர்மாம்பாள். அவள் புருஷன் சின்ன வயதிலேயே போய்விட, கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். அந்தக் குழந்தைதான் மங்களா. மூத்த மாமன் வேம்பு தோளில் உட்கார்ந்துதான் அவள் ஊரைப் பார்த்தாள், தேரைப் பார்த்தாள், முதல் நாள் பள்ளிக்கூடம் போனாள். இப்போது அவளுக்கு ஆவணியில் கல்யாணம்.

கல்யாணத்தில் மாலை மாற்றும்போது பெண்ணை அவள் தாய்மாமன் தோளில் தூக்குவார். பிள்ளையை அவன் தாய்மாமன் தூக்குவார். இரண்டு தோள்களும் கிட்டே வருவதும் விலகுவதுமாக ஆட்டம் காட்ட, மேலே இருக்கிற இருவரும் மாலையைப் போட்டுக்கொள்ள வேண்டும். வேம்பு இருபத்தைந்து வருஷமாக அந்தத் தருணத்துக்காகத் தோளைத் தயாராக வைத்திருந்தார்.

பங்குனியில் ஒரு காலை, வாசலில் கிடந்த செய்தித்தாளை எடுக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்து கையை ஊன்றினார். மணிக்கட்டு ஒடிந்தது.

எலும்பு டாக்டர் எஸ்தர் கட்டுப் போட்டுவிட்டு, இன்னும் ஏதேதோ படம் எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நின்ன இடத்துல விழுந்ததுக்கு ஒடியக் கூடாதுங்க. உங்க எலும்பு மெலிஞ்சு போயிருக்கு. என்ன வேலை பண்றீங்க?"

"மேற்பார்வை" என்றார் வேம்பு.

"எதை?"

"தம்பிகள் பேப்பர் படிப்பா. நான் பார்த்துண்டு இருப்பேன்."

டாக்டர் மாத்திரை எழுதினார். பிறகு பொறுமையாக விளக்கினார். எலும்புக்குப் பாரம் பட்டால்தான் அது தேறும். நீச்சல் நெஞ்சுக்கு நல்லது, ஆனால் தண்ணீர் உடம்பைத் தாங்கிவிடுவதால் எலும்புக்கு அதில் பெரிய லாபமில்லை. சைக்கிளும் அப்படித்தான், உடம்பை அது சுமந்துவிடும். நடக்க வேண்டும், படி ஏற வேண்டும், எடை தூக்க வேண்டும். எடையை ஒரேயடியாகத் தூக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். எந்த எலும்புக்கு வேலை கொடுக்கிறோமோ அந்த எலும்புதான் பலப்படும். இடுப்பை வளைத்துக் குனியக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, விழவே கூடாது. அதற்கு ஒற்றைக்காலில் நின்று பழக வேண்டும், பக்கத்தில் உறுதியாக எதையாவது பிடித்துக்கொண்டு.

நாலு பேரும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார்கள். அதைப் பார்த்து டாக்டருக்கு நம்பிக்கை வந்தது. பாவம், புதிதாக வந்தவர்.

"ஆவணியில இவர் எங்க மங்களாவைத் தூக்கணும்" என்றார் பஞ்சு.

"குழந்தையா?"

"கல்யாணப் பொண்ணு."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அதை அப்போ பார்க்கலாம். முதல்ல பயிற்சியை ஒழுங்கா பண்ணுங்க. அதுவும் மாசக்கணக்குல ஆகும்."

செய்தி சம்பந்தி வீட்டுக்கு எட்டியது. பிள்ளையின் தாய்மாமன் ஜம்புநாதன் ரயில்வேயில் நீச்சல் வீரராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவர். சட்டைக்குள் இன்னொரு ஆள் இருப்பது போன்ற உடம்பு. அவர் போனில் தர்முவிடம் சொன்னார்: "உங்காத்து மாமாவுக்கு முடியலேன்னா சங்கோஜப்படாம சொல்லிடுங்கோ. எனக்கு ரெண்டு தோள் இருக்கு. இந்தப் பக்கம் பிள்ளை, அந்தப் பக்கம் பொண்ணு, நானே தூக்கிடறேன். மாலை மாத்தறதும் சுலபம்."

தர்மு போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"கேட்டேளா? ஊர் சிரிக்கும். பொண்ணாத்துல நாலு மாமா, ஒரு தோள் இல்லேன்னு."

மங்களா தட்டை அலம்பிக்கொண்டே சொன்னாள்: "பெரிய மாமா தூக்கினா தூக்கட்டும். இல்லேன்னா நான் நடந்தே போய் மாலையைப் போட்டுக்கறேன். வேற யார் தோள்லயும் ஏற மாட்டேன்."

வேம்பு மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிகளுக்கு அது பொறுக்கவில்லை. அன்றே சபை கூடிற்று.

"முதல்ல நீச்சல். டாக்டரம்மா அதைத்தான் முதல்ல சொன்னா" என்றார் பஞ்சு. நாலு பேரில் தர்க்கம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர் அவர்.

"அதுல லாபமில்லேன்னுதானே சொன்னா?" என்றார் வைத்தா.

"ஏன் லாபமில்லே? காரணத்தைக் கவனிச்சியோ? தண்ணி தாங்கிடறதாம். கெடுக்கறது தண்ணி. நீச்சல் மேல ஒரு குத்தமும் இல்லே."

"அப்போ?"

"தண்ணியை நீக்கிடணும்."

இதில் எங்கே பிழை என்று நானும் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். படிப்படியாகப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கிறது.

சித்திரை மாதம் கோயில் குளம் வற்றி வெடித்துக் கிடந்தது. நாலு பேரும் வேட்டியைச் சோமன்கச்சமாக வரிந்து கட்டிக்கொண்டு போனார்கள். வேம்பு கட்டுப்போட்ட கையோடு படியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்க, பஞ்சுவும் வைத்தாவும் வயிற்றைத் தரையில் வைத்துக் கையைக் காலை வீசினார்கள். நாகு மட்டும் கடைசிப் படியிலேயே நின்றார்.

"இறங்கேண்டா!"

"எனக்கு நீச்சல் தெரியாதேண்ணா."

"ஆமாம்" என்று வேம்பு பதறினார். "அவனை இறக்காதேங்கோ. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடப் போறது."

நாகு வீட்டுக்கு ஓடி, முதுகில் ஒரு காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு வந்தார். அப்புறம்தான் இறங்கினார். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஒதுங்கி வழிவிட்டன. சாயங்காலம் மூன்று பேர் வயிறும் சுட்ட செங்கல் மாதிரி சிவந்திருந்தது. நடுக்குளம் வரைகூட யாராலும் போக முடியவில்லை. எதிர்நீச்சல் என்று முடிவு செய்தார்கள்.

அடுத்தது சைக்கிள்.

"அது நம்மைத் தாங்கறது. யார் தாங்கறாளோ அவாளுக்குத்தான் பலம். இத்தனை வருஷமா நம்ம சைக்கிள்தான் பலமாயிண்டு வந்திருக்கு" என்றார் பஞ்சு.

"துரோகி" என்றார் வைத்தா, கொல்லையில் நின்ற சைக்கிளைப் பார்த்து.

மறுநாள் காலை மூன்று தம்பிகளும் ஆளுக்கொரு சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடந்தார்கள். பஞ்சர் கடைக்காரன் எழுந்து ஓடி வந்தான்.

"என்ன சாமி, மூணும் ஒரேயடியா பஞ்சரா?"

"சைக்கிளுக்கு ஒண்ணும் இல்லேப்பா. எலும்புதான்" என்றார் நாகு.

கடைக்காரன் சைக்கிளின் எலும்பைக் கொஞ்ச நேரம் தேடினான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எலும்பு மெலிந்தது வேம்புவுக்கு. நீந்தியதும் சுமந்ததும் தம்பிகள். இதை வைத்தா ஒருநாள் சாப்பிடும்போது கவனித்தார்.

"பஞ்சுண்ணா, சைக்கிளை நாம தூக்கினா அண்ணாவோட எலும்பு எப்படித் தேறும்?"

பஞ்சு கையிலிருந்த ரசச் சோற்றை இலையில் வைத்தார். "நம்ம குடும்பம் என்ன குடும்பம்?"

"பாகம் பிரியாத குடும்பம்."

"நிலம்?"

"பொது."

"வீடு?"

"பொது."

"எலும்பு யார் குடுத்தது?"

வைத்தா யோசித்தார். "அப்பா."

"பூர்வீகச் சொத்து. நாலு பேருக்கும் பொது. யார் உழைச்சாலும் பலன் குடும்பத்துக்கு. குடும்பத்துக்கு யார் கர்த்தா?"

எல்லோரும் வேம்புவைப் பார்த்தார்கள். வேம்பு அடக்கமாக மோரை ஊற்றிக்கொண்டார்.

"அப்போ என் இடுப்பெலும்புல அண்ணாவுக்கும் பங்கு உண்டா?"

"நாலில் ஒண்ணு."

"தாராளமா எடுத்துக்கட்டும்" என்றார் வைத்தா, கண் கலங்கி.

அன்று முதல் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். கால் எலும்புகள் பஞ்சு பொறுப்பு. முதுகும் இடுப்பும் வைத்தா. கை எலும்புகள் நாகு. தோள் எலும்பு யாருக்கு என்பதில் பெரிய வாக்குவாதம். மங்களா உட்காரப் போகிற எலும்பு. மூன்று பேருக்கும் வேண்டும். கடைசியில் ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்துக்கொண்டார்கள்.

பஞ்சு மொட்டைமாடிப் படி ஏறினார். ஏறியவர் இறங்கவில்லை. மத்தியானம் தர்மு கீழேயிருந்து கத்தினாள்: "ஏண்ணா, அங்கே என்ன பண்றேள்?"

"ஏறியாச்சு."

"இறங்கி வாங்கோ!"

"டாக்டரம்மா ஏறத்தான் சொன்னா. இறங்கினா ஏறினது கழிஞ்சு போயிடும்."

"இன்னிக்கு வத்தக்குழம்பு. கீழேதான் போடுவேன்."

பஞ்சு வெகுநேரம் யோசித்து, இறங்குவது சாப்பாட்டுக்காகத்தானே தவிர பயிற்சிக்காக இல்லை, ஆகவே கழியாது என்று தீர்ப்புச் சொல்லி இறங்கினார்.

பிறகு ஒற்றைக்கால் பயிற்சி. உறுதியாக எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் அல்லவா? வைத்தா பஞ்சுவைப் பிடித்துக்கொண்டார். பஞ்சு நாகுவைப் பிடித்துக்கொண்டார். நாகு வைத்தாவைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் ஒற்றைக்காலில் கொக்குக் கூட்டம் போல் நின்றார்கள். வேம்பு தூணில் சாய்ந்துகொண்டு பார்த்தார்.

"கெட்டியா பிடிச்சிண்டிருக்கேளா?"

"கெட்டியா பிடிச்சிண்டிருக்கோம்."

நாகு தும்மினார்.

விழுந்த பிறகு யார் விழுந்தது என்ற விசாரணை நடந்தது. வைத்தா பஞ்சுவின் மேல்தான் விழுந்தார், தரையில் இல்லை, ஆகவே அது விழுந்த கணக்கில் வராது. பஞ்சு நாகுவின் மேல். அதுவும் வராது. நாகு மட்டும் தரையில். "விழவே கூடாதுன்னு சொல்லியிருந்தாளே, ஏண்டா இப்படிப் பண்றே?" என்று அண்ணன்மார் இருவரும் அவர் மேல் படுத்தபடியே கோபித்துக்கொண்டார்கள்.

ஆனியில் டாக்டரிடம் போனார்கள். கட்டுப் பிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. தம்பிகள் மூவரும் அறைக்குள் நுழைந்ததும் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். நெஞ்சு விரிந்து, கால் திரண்டு, மாப்பிள்ளை போல் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வேம்பு, போன தடவை இருந்த மாதிரியே.

"பயிற்சி பண்றீங்களா ஐயா?"

"ஒரு நாள் விடலே" என்றார் வேம்பு. "பஞ்சு என்னோட காலை நடத்தறான். வைத்தா என்னோட முதுகைப் பார்த்துக்கறான்."

டாக்டருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயா, மாத்திரையை யார் சாப்பிடறாங்க?"

"அதை நான்தான். கசக்கலே."

"அதே மாதிரி நடக்கிறதும் நீங்கதான். தூக்கறதும் நீங்கதான். அவங்க நடந்தா அவங்க எலும்பு. நீங்க நடந்தா உங்க எலும்பு. இன்னியிலேர்ந்து நீங்களே பண்ணணும். எடை கொஞ்சம் கொஞ்சமா."

வெளியே வந்ததும் பஞ்சு சொன்னார்: "நல்ல டாக்டர்தான். குடும்பச் சட்டம் தெரியலே."

ஆனாலும் வேம்பு நடந்தார். மங்களா ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, காலையிலும் மாலையிலும் குளத்தைச் சுற்றி நடந்தார். படி ஏறினார். தர்மு கண்ணெதிரே, ஏறியதும் இறங்கினார். ஒற்றைக்காலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஆடியில் ஒருநாள் வாசலில் தடுக்கியபோது விழாமல் சமாளித்தார். தெருவே வந்து விசாரித்தது.

எடை தூக்கும் பொறுப்பைத் தம்பிகள் எடுத்துக்கொண்டார்கள்.

"தூக்க வேண்டியது மங்களாவை. ஒரேயடியா தூக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா தூக்கணும்" என்றார் பஞ்சு.

"மங்களாவைக் கொஞ்சம் கொஞ்சமாவா?"

"ஆமாம். இன்னிக்கு ஒரு கை."

மங்களா கூடத்தில் உட்கார, வேம்பு அவள் வலது கையைத் தூக்கிப் பத்து எண்ணிவிட்டு வைத்தார். ஒரு வாரம் கழித்து இரண்டு கை. பிறகு பின்னல். அவளுக்கு நீளமான பின்னல், அதற்கே ஒரு வாரம் ஒதுக்கினார்கள். பிறகு இடது கால். பிறகு வலது கால்.

"மாமா, கூச்சமா இருக்கு" என்று சிரிப்பாள் மங்களா.

"பேசாதே. பேச்சும் பாரம்" என்பார் நாகு.

கல்யாணத்துக்கு முதல் நாள் கணக்குப் பார்த்தபோது கை, கால், பின்னல் எல்லாம் தூக்கி முடிந்திருந்தது. நடு உடம்பு மட்டும் பாக்கி.

"அதுதான் பெரும்பகுதியோ?" என்றார் வைத்தா தயங்கி.

வேம்பு தோளைத் தடவிக்கொண்டே போய்ப் படுத்தார்.

மறுநாள் மண்டபத்தில் நாகஸ்வரம் முழங்கியது. ஜம்புநாதன் ஒரு உதறலில் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து நடுவில் நின்றார். "ம்ம், பொண்ணாத்து மாமா எங்கே? வராளா, நானே எடுத்துக்கட்டுமா?" என்று தோள்துண்டை முறுக்கினார். அவர் பக்கத்துக்காரர்கள் சிரித்தார்கள்.

வேம்பு முன்னால் வந்தார். மங்களா மாலையோடு அவரைப் பார்த்தாள். அழைப்பின் பேரில் வந்திருந்த டாக்டர் எஸ்தர், கையிலிருந்த காபித் தம்ளரை அவசரமாகக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"ஐயா, வேண்டாம். நடக்கறதும் படி ஏறறதும் சரி. முழு ஆளை எல்லாம் நீங்க தூக்கக் கூடாது."

வேம்புவின் முகம் சுருங்கியது. தர்மு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டாக்டரம்மா, தோள்ல உட்கார்த்தி வச்சுக்கலாமா?" என்றார் பஞ்சு.

"பாரம் இறங்கறது முதுகுக்கும் காலுக்கும்தானே? அதுக்குத்தான் பயப்படறேன்."

"அந்த ரெண்டும் இப்போ எங்க பொறுப்பு" என்றார் பஞ்சு.

அவ்வளவுதான். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் பஞ்சுவும் வைத்தாவும் கைகளைக் கோத்து ஆசனம் போட்டார்கள். வேம்பு அதில் உட்கார்ந்தார். நாகு பின்னாலிருந்து தன் நெஞ்சையே சாய்மானமாகக் கொடுத்து, இரண்டு கைகளாலும் மங்களாவின் பாரத்தைத் தாங்கிப் பிடித்து அண்ணன் தோளில் பூ வைப்பது போல் வைத்தார். வேம்புவின் தோளுக்கு வந்து சேர்ந்தது மங்களாவின் பட்டுப்புடவை எடைதான் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். குளமெல்லாம் நீந்தியவர்கள், ஊரெல்லாம் சைக்கிள் சுமந்தவர்கள். ஆசனம் ஒரு இம்மி அசையவில்லை.

"உட்கார்ந்திண்டியாம்மா?" என்றார் வேம்பு.

"உட்கார்ந்துட்டேன் மாமா. தேர் தெரியறது" என்றாள் மங்களா. மண்டபத்தில் தேர் ஏது? ஆனாலும் வேம்பு திரும்பிப் பார்த்தார்.

ஒரே சிக்கல், அவர்கள் மிக உயரத்தில் இருந்தார்கள். ஜம்புநாதன் எம்பினார், குதித்தார். மேலே இருந்த பிள்ளை மாலையை வீசி வீசிப் பார்த்தான். எட்டவில்லை. ஜம்புநாதனுக்கு மூச்சு வாங்கியது.

"கொஞ்சம் குனியுங்கோளேன் ஓய்!"

"குனியக் கூடாது. டாக்டர் உத்தரவு" என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

சாஸ்திரிகள் முகூர்த்தம் போகிறது என்று கத்தினார். நாகஸ்வரக்காரர் இரண்டாவது முறை அதே பாட்டை ஆரம்பித்தார். கடைசியில் மங்களாவே கழுத்தைத் தாழ்த்தி மாலையை வாங்கிக்கொண்டு, தன்னுடையதைப் பிள்ளை தலையில் குறி பார்த்துப் போட்டாள். ஜம்புநாதன் பிள்ளையை இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நாற்காலியைத் தேடிப் போனார்.

அடுத்தது ஊஞ்சல், வீட்டுப் பரணிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து மாட்டிய பலகை. பெண்ணும் பிள்ளையும் உட்கார வேண்டும்.

"பொண்ணை இறக்குங்கோ" என்றார் சாஸ்திரிகள்.

"எப்படி இறக்கறது?" என்றார் வைத்தா. "ஏத்தத்தான் யோசிச்சோம்."

அதற்கும் ஒரு சிறு சபை நடந்தது. முடிவில், யாரும் யாரையும் இறக்காமல், மொத்தமாக உட்கார்ந்துவிடுவது என்று தீர்மானமாயிற்று. அப்படியே நடந்து போய், வேம்பு, வேம்பு தோளில் மங்களா, இரண்டு பக்கமும் பஞ்சுவும் வைத்தாவும், பின்னால் நாகு என்று எல்லோரும் ஒரே மூச்சில் ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்தார்கள். பிள்ளைக்கும் ஓரமாக இடம் விட்டார்கள்.

"படக்" என்று ஒரு சத்தம்.

"ஒடிஞ்சுடுத்து!" என்று தர்மு அலறினாள்.

டாக்டர் எஸ்தர் ஓடி வந்தார். குவியலுக்குள் கையை விட்டு ஒவ்வொருவராக எடுத்தார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. மங்களா சிரித்துக்கொண்டிருந்தாள். வேம்புவின் மணிக்கட்டு, இடுப்பு, முதுகு எல்லாவற்றையும் அழுத்தி அழுத்திப் பார்த்தார். கீழே பஞ்சு, வைத்தா, நாகு மூவரும் மெத்தையாக இருந்ததில் அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஊஞ்சல் பலகைதான் நடுவில் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

நாலு பேரும் எழுந்து பலகையைச் சுற்றி நின்றார்கள். வேம்பு அதன் முறிவைத் தொட்டுப் பார்த்தார். அவருக்குத் தெரியும் அந்த வலி.

"இத்தனைக்கும் ரொம்ப உயரத்துலேர்ந்து விழலே" என்றார்.

"மெலிஞ்சிருக்கும்ணா" என்றார் பஞ்சு. "வருஷம் முழுக்கப் பரண் மேல சும்மா படுத்திண்டிருந்தா? ஒரு பாரம் உண்டா, ஒரு நடை உண்டா?"

"நாம பார்த்துக்காம விட்டுட்டோம்" என்றார் வைத்தா.

மறுநாள் கட்டுச்சாதக்கூடையோடு மங்களாவை வண்டி ஏற்றிவிட்ட பிறகு, தச்சர் வீட்டிலிருந்து புதுப் பலகை வந்தது. நல்ல தேக்கு. அதையாவது ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காக வளர்ப்பது என்று அண்ணன் தம்பிகள் முடிவு செய்தார்கள்.

இப்போதும் காலையில் தாழைமங்கலம் குளக்கரைப் பக்கம் போனால் பார்க்கலாம். வேம்பு முன்னால் நடக்க, தம்பிகள் மூவரும் பலகையை நிமிர்த்தி, ஒரு முனை தரையில் பட, மெல்ல மெல்ல நடத்திக்கொண்டு வருவார்கள். சுற்று முடிந்ததும் அதை ஒற்றை முனையில் நிறுத்தி வைப்பார்கள், பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி.